தண்ணீருக்கு முன்னால் ஒன்பது கிலோமீட்டர்

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த என் மகன் முதல் சம்பள உயர்வில் ஒரு சைக்கிள் வாங்கினான். ஆறு மாதம் ஓட்டினான். பிறகு கார் வாங்கிக்கொண்டு சைக்கிளை லாரி சர்வீஸில் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டான். தடித்த டயர், ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மணி கூடக் கிடையாது. "இது கிராவல் சைக்கிள்மா" என்றான் போனில். எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் டிப்பரில் ஏற்றி வந்து ரோட்டுக்குக் கொட்டும் சிவப்புச் சரளைமண். அதில் ஓட்டத் தனியாக ஒரு சைக்கிளா, இத்தனை காலம் இந்த ஊர்க்காரர்கள் எதில் ஓட்டினார்களாம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

என் வீட்டுக்காரர் கண்ணாயிரம் அதை மாட்டுக்கொட்டகையில் சாய்த்துவைத்து அதன்மேல் யூரியா சாக்குகளைக் காயப்போட்டார். பெற்ற பிள்ளை சம்பாதித்து வாங்கிய பொருள்மேல் சாக்கைப் போடுகிறாரே என்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் ஏதாவது செய்துவிட்டுத்தான் போகும். அன்றைக்குச் சைக்கிளை வெளியே இழுத்துத் துடைத்து ஏறி உட்கார்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சி டாக்டர் சர்க்கரைக்குத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நடந்தால் எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "இன்னா அமிர்தம், எங்க கிளம்பிட்ட?" என்று நிறுத்திவிடுகிறார்கள். சைக்கிளில் போனால் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் தாண்டிவிடலாம்.

தார் ரோடு எனக்குப் பிடிக்கவில்லை. கரும்பு லாரிகள் முழங்கையை உரசிக்கொண்டு போகும். அதனால் ஏரிக்கரைகளில் ஓட்டினேன். பிறகு வண்டிப்பாதை, வாய்க்கால் கரை, காட்டிலாகா போட்ட மண்ரோடு. ஓட்ட ஓட்டத்தான் ஒன்று தெரிந்தது. நாங்கள் நைனார்பாளையத்துக்கு ஏரி, சின்னசேலத்துக்கு ஏரி என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஏரிகள் எல்லாம் தனித்தனி இல்லை. ஒன்று நிரம்பிக் கோடியில் வழிகிற தண்ணீர் அடுத்ததற்குப் போகக் கால், அதாவது வாய்க்கால், இருந்தது. அதன் கோடியிலிருந்து இன்னொன்றுக்கு. பிறந்ததிலிருந்து பார்த்த நிலம்தான். ஆனால் யாரோ ஒரே ஆள் உட்கார்ந்து கோத்த மாதிரி அது இருப்பது சைக்கிள் மேல் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் கரையில் நிறுத்தி அப்படியே நின்றுவிட்டேன். வாயில் ஈ போகிற அளவுக்கு நின்றேன்.

ஒன்றரை வருடத்தில் ஏழு ஏரிகளைத் தொட்டுக் கல்வராயன் மலையடிவாரம் வரை ஒரு வழி போட்டுவிட்டேன். போனில் ஓர் ஆப் இருக்கிறது, போகிற வழியைக் கோடாக வரையும். மகன் அந்தக் கோட்டைத் தன் சைக்கிள் கூட்டாளிகளுக்கு அனுப்ப, சென்னையிலிருந்து இருபத்து மூன்று பேர் தை மாதம் வருவதாகச் சொன்னார்கள். மொத்த வழியிலும் ஓர் அடி கூடத் தார் கிடையாது என்று நான் பெருமையடித்திருந்தேன். அது உண்மைதான்.

அதில் என் உயிர் இருந்த இடம் கடைசி ஒன்பது கிலோமீட்டர். எங்கள் ஊர்ப் பெரியேரிக்கு மலை ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவர வெட்டிய வரத்துக்கால் அது. பதினேழு வருடமாக அதில் தண்ணீர் வரவில்லை. ஓடையில் வருகிற கொஞ்ச நீரும் கால்வாயின் வாய்க்கு ஏறாது. ஏரியில் மழைக்குட்டை மட்டும் நிற்கும், தை பிறந்தால் அதுவும் வற்றிவிடும். ஏரிக்குள்ளேயே குறுக்கே ஓட்டி ஓட்டி நான் ஒரு தடம் போட்டிருந்தேன். கரையிலிருந்து பார்த்தால் வெள்ளையாக, நேராகத் தெரியும். அது ஏரி என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

மறக்காதவர்களும் இருந்தார்கள். நூறு நாள் வேலையில் மூன்று கோடையாக அந்தக் காலைத் தூர் வாரியவர்கள் காலனிப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி சாலம்மாள். எங்கள் வயலுக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவள்தான். ஏரி நிரம்பினால் இரண்டு போகம், வருடம் முழுக்க ஊரிலேயே வேலை. இல்லாவிட்டால் அவள் மகன் காசிநாதனும் மருமகளும் கார்த்திகையில் மூட்டை கட்டிக்கொண்டு வெளி மாவட்டத்துக்குக் கரும்பு வெட்டப் போவார்கள், சித்திரையில்தான் திரும்புவார்கள். போன தடவை போன இடத்தில் மருமகளுக்குக் கரு கலைந்துவிட்டது. இந்தக் கார்த்திகையில் அவள் மறுபடியும் ஏழு மாதக் கர்ப்பிணி.

ஆடி மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். மலையிலிருந்து ஆறாவது கிலோமீட்டரில் புளியமரத்து மடக்கு என்று ஒரு வளைவு உண்டு. அதற்கப்புறம் ஏரி வரை இடது கரை முழுக்க வேலிக்கருவை. வலது கரைக்கு மாறித்தான் ஆக வேண்டும். நடுவில் ஆள் உயரப் பள்ளம். இரண்டு டிப்பர் கிராவல் வரவழைத்துக் கால்வாய்க்குக் குறுக்கே கொட்டிச் சமப்படுத்திவிட்டேன். "ஒரு பைப்பாவது வெச்சிக் கொட்டு" என்றார் வீட்டுக்காரர். பதினேழு வருடமாக வராத தண்ணீருக்குப் பைப்பு எதற்கு என்று கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். என்னோடு இருபத்தாறு வருடக் குடித்தன அனுபவம் அவருக்கு.

மறுநாள் சாலம்மாள் வந்து நின்றாள்.

"இன்னாம்மா, கால அடைச்சிக் கொட்டி வெச்சிருக்கீங்க?"

"சைக்கிள் தாண்டணும் சாலம்மா."

"தண்ணி வந்தா?"

"வந்தா பாத்துக்கலாம்."

எங்கள் ஊரில் 'வந்தா பாத்துக்கலாம்' என்பது ஒன்றும் செய்யமாட்டேன் என்பதற்கு மரியாதையான பெயர். அது அவளுக்கும் தெரியும். போகாமல் நின்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"தண்ணி வரட்டும். வந்திச்சின்னா என் கையாலயே வெட்டி உடறேன், போதுமா?"

"உங்க கையால" என்றாள் சாலம்மாள். "செரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அதை அன்று மாலையே மறந்துவிட்டேன்.

கார்த்திகையில் மலைமேல் நான்கு நாள் விடாமல் மழை. கீழே எங்களுக்குத் தூறல்தான், ஏரியில் வழக்கமான மழைக்குட்டை கூட இன்னும் கட்டவில்லை. ஐந்தாம் நாள் காலை, மேலே வழி எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று கிளம்பினேன். தை மாதக் கூட்டத்தை நினைத்துத்தான். மலை இருந்த இடத்தில் மலையே இல்லை, அடிவாரத்திலிருந்து வானம் வரை ஒரே சாம்பல் நிறம். ஒன்பது மணிக்குக் கால்வாயின் வாயில் போய் நின்றேன். ஓடைக்குக் குறுக்கே சின்னக் கல்லணை, அதன் பக்கத்தில் கால்வாய் தொடங்கும் இரண்டு கல்தூண்கள். அந்தத் தூண்களின் நடுவே நூறு தடவையாவது சைக்கிளில் புகுந்திருப்பேன்.

ஓடையில் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். போனை எடுத்துப் படம் பிடிக்கும்போது சத்தம் மாறியது. தண்ணீருக்குள்ளே கல்லோடு கல் உருண்டு மோதுகிற சத்தம், காதால் கேட்பதற்கு முன் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. தண்ணீர் பழுப்பிலிருந்து சிவப்பானது. ஒரு முழம் ஏறியது. இன்னொரு முழம். தூணுக்குக் கீழே பதினேழு வருடமாகக் காய்ந்து கிடந்த படிக்கல்லைத் தொட்டது, நக்கியது, ஏறி உட்கார்ந்தது. பிறகு இந்தப் பக்கம், கால்வாய்க்குள் இறங்கியது.

போன் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது, பார்க்காமலே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கால்வாய்த் தண்ணீர் பாய்ந்து வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அது அப்படி வரவில்லை. நடந்து வந்தது. அதன் முகம் முழுக்க நுரையும் சருகும், கடுக்காயும், பெயர் தெரியாத காட்டு விதைகளும், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாக மிதந்த எறும்புகளும். ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, அதை நிரப்பி, பிறகு அடுத்த அடி வைத்தது. புது இடத்துக்கு ஓட்டிவந்த கன்றுக்குட்டி மோந்து மோந்து நடக்குமே, அப்படி. அதற்குப் பின்னால் மலையின் வாசனை வந்தது. ஈரக் கட்டையும் பச்சிலையும் கலந்த வாசனை. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரைமேல் அதோடு அரை பர்லாங் நடந்தேன். உலகத்தில் வேறு எதுவும் நினைவில்லை.

அப்புறம் கிராவல் நினைவுக்கு வந்தது.

புளியமரத்து மடக்கில் இடது கரை தாழ்வு. என் மேட்டில் முட்டி நிற்கிற தண்ணீர் அந்தக் கரைமேல் ஏறும், பின்னாலுள்ள காட்டோடையில் விழும், ஆற்றுக்குப் போகும், கடலுக்குப் போகும். போகும்போது கரையையும் அறுத்துக்கொண்டு போகும். மூன்று கோடையாக அந்தப் பெண்கள் வெயிலில் தூர் வாரியது, பதினேழு வருடம் காத்திருந்த தண்ணீர், எல்லாம் என் இரண்டு டிப்பர் மண்ணால் போகும். போனைத் துடைத்துப் பார்த்தேன். டவர் இல்லை. அங்கே எப்போதும் இருக்காது.

சைக்கிளில் ஏறினேன். ஆறு கிலோமீட்டர். எனக்கு அந்த வழியில் எந்தக் கல் எங்கே என்று தெரியும். தண்ணீர் நடக்கிறது, நான் சக்கரத்தில் போகிறேன், எளிதில் முந்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் மூன்று கிலோமீட்டர் செம்மண், காற்றாகப் போனேன். அதற்கப்புறம் கரிசல். தூறலில் ஊறிய கரிசல் டயரில் அப்பியது. இரண்டு சுற்றில் சக்கரம் அடையாகிவிட்டது, நான்காவது சுற்றில் நின்றுவிட்டது. குச்சியால் சுரண்டினேன். பத்தடி போவதற்குள் மறுபடி அப்பியது. இந்தச் சைக்கிளைச் செய்த வெள்ளைக்காரன் எங்கள் கரிசலைப் பார்த்ததில்லை. அவனையும், என்னையும், ஆடி மாதத்தையும் திட்டிக்கொண்டே சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்து நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர். வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது தடவை எழுந்தபோது பின்னால் கேட்டது. சருகுகள் நசுங்குகிற மெல்லிய சத்தம். கால்வாய் வளைவில் நுரை வெள்ளையாகத் தெரிந்தது.

கிராவல் தரை வந்ததும் ஏறி மிதித்தேன். அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் எப்படிப் போனேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

புளியமரத்தடியில் ஏழு பெண்கள் கரைமேல் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மழைக்காகத் தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மம்மட்டி. நடுவில் சாலம்மாள். மேடு அப்படியே இருந்தது, ஒரு கீறல் கூட இல்லை.

"தண்ணி வருது" என்று கத்தினேன். "வருது சாலம்மா. மம்மட்டி வெச்சிக்கினு இன்னா பண்றீங்க? வெட்டியிருக்கக் கூடாதா?"

அவள் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க போட்ட மண்ணும்மா. நாங்க கை வெச்சா நாளைக்கி யாரு பதில் சொல்றது? காலைல மலையப் பாத்ததும் உங்க வூட்டாண்ட வந்தோம். நீங்க சைக்கிள் எடுத்துக்கினு மேல போயிட்டதா அய்யா சொன்னாரு. எப்டியும் இந்த வழியாத்தான வருவீங்கன்னு குந்திக்கினு இருக்கோம்."

இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவர் வயல் வாய்க்காலில் அடைத்திருந்த மண்ணை எடுத்துவிட்டதற்காக அவள் புருசன் பிச்சைமுத்து ஒரு பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். அது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அப்போது நாங்கள் யாரும் போய்க் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபப்பட வேறு ஆள் யாரும் அங்கே இல்லை.

சாலம்மாள் தன் மம்மட்டியை என்னிடம் நீட்டினாள்.

"உங்க கையால வெட்றேன்னு சொன்னீங்க."

இறங்கி வெட்டினேன். நான் கொட்டியது மண். இப்போது அது மண்ணாக இல்லை. நான்கு மாதம் நானே ஓட்டி ஓட்டிச் சிமெண்டாக இறுக்கி வைத்திருந்தேன். முதல் வெட்டு எகிறியது. ஐந்தாவது வெட்டில் உள்ளங்கை உரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி, "எல்லாரும் வாங்க. யார் கேட்டாலும் நான் சொல்லித்தான்னு சொல்லுங்க" என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்த மாதிரி ஏழு பேரும் ஒன்றாக இறங்கினார்கள்.

அவர்கள் வெட்டுவது வேறு. சாலம்மாள் ஏரிப் பக்கமிருந்து வெட்டச் சொன்னாள், மலைப் பக்கம் ஒரு முழம் சுவராக விட்டுவைக்கச் சொன்னாள். மம்மட்டி விழுகிற தாளம் மட்டும்தான். நான் மண்ணை அவர்கள் கொண்டுவந்திருந்த கூடையில் வாரி வாரிக் கரையில் எறிந்தேன். முக்கால்வாசி போயிருக்கும், தண்ணீரைப் பார்க்க மேல் வளைவுக்கு ஏறியிருந்த பெண், "ஏறுங்க" என்றாள்.

ஏறினோம். தண்ணீர் வந்தது. மிச்சமிருந்த சுவரில் மோதி நின்றது. நின்றதும் அதன் குணம் மாறிவிட்டது, மேலே மேலே ஏற ஆரம்பித்தது. கணுக்கால். முழங்கால். இடது கரையின் தாழ்வான உதட்டுக்கு நான்கு விரல் பாக்கி. சுவர் கரைகிற மாதிரி தெரியவில்லை. மூன்று விரல். சாலம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"இன்னும் ஒரே வெட்டும்மா" என்றாள். "கரையிலருந்தே எட்டி வெட்டிட்டு நவுந்துக்குங்க."

குனிந்து எட்டி வெட்டினேன். சுவரின் உச்சியில் ஒரு கை அகலத்துக்கு வழி. அதில் ஒரு கயிறு கனத்துக்குச் சிவப்பாக இறங்கியது. கயிறு வடமாயிற்று. பிறகு சுவரின் நடுப்பகுதி மொத்தமாக முன்னே சாய்ந்தது, என் கிராவலில் மிச்சமிருந்ததும் தண்ணீரோடு தண்ணீராக எங்களைத் தாண்டிப் போனது. ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். நான் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருங்கம்மா" என்றாள் சாலம்மாள். "முன்னாடி போவணும்."

காலனிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, எனக்கு அன்றுதான் தெரியும். முதல் தண்ணீரைத் தனியாக வரவிட மாட்டார்கள். செருப்பில்லாமல் அதற்கு முன்னால் நடந்து, வழியில் கிடக்கும் முள்ளையும் குச்சியையும் எடுத்துப் போட்டு, ஏரி வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் கரைமேல் ஓடித் தண்ணீரை முந்திக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கினார்கள். நான் ஷூவைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட இறங்கினேன். சைக்கிளை ஏன் விட்டுவரவில்லை என்று தெரியாது. நான் பத்து நிமிடத்தில் தாண்டுகிற மூன்று கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தோம். குதிகாலுக்கு ஒரு கோல் தூரத்தில் மலைத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஒரு முள்ளுக்கு நின்றால் அது குதிகாலைத் தொட்டது. பதினேழு வருடத்துக்கு முன் இப்படி நடந்தபோது காசிநாதனுக்கு ஆறு வயசு, அவனைத் தோளில் உட்காரவைத்து நடந்தேன் என்றாள் சாலம்மாள்.

"கரும்பு வெட்ட எப்ப கிளம்பறாங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கி வேன் வருது. மூட்டை கட்டி வாசல்ல வெச்சாச்சி" என்றாள். குனிந்து ஒரு கருவை முள்ளை எடுத்துக் கரைமேல் எறிந்தாள்.

ஏரி வாயை அடைந்தபோது மதியம் ஆகியிருந்தது. கால்வாய் முடிந்து நிலம் விரிகிற இடத்தில் நாங்கள் இரு பக்கமும் ஒதுங்கினோம். தண்ணீர் எங்களைக் கடந்து உள்ளே போனது. போய், விரிந்து, நின்றுவிட்டது. வெடித்த களிமண் அதைக் குடித்தது. ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் காற்று குமிழி விட்டது, ஏரி முழுக்கத் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சொய்யென்று சத்தம். நண்டுகள் வளையை விட்டு ஓடின. எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் தவளைகள் கத்தின. ஆனால் தண்ணீர் நகரவில்லை. கால் மணி நேரம், அரை மணி நேரம். வந்ததெல்லாம் வெடிப்புக்கே சரியாகிவிடுமோ என்று பயந்தேன். சாலம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அதன் ஓர் ஓரத்திலிருந்து ஒரு விரல் நீண்டது. ஏரிக்குள் நான் ஒன்றரை வருடமாக ஓட்டிய தடம், டயர் அழுத்தி அழுத்தி நாலு விரற்கடை பள்ளமாகியிருந்த வெள்ளைத் தடம், அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. சிவப்பாக, நேராக, அதில் ஏறி ஏரியின் நடு நோக்கிப் போனது. நான் வளைந்த இடத்தில் வளைந்தது. ஒரு நாள் நாய்க்கு ஒதுங்கிப் போய்ப் பிறகு அதையே பழக்கமாக்கிக்கொண்ட கோணலில் கூட அதுவும் கோணிக்கொண்டு போனது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"உங்க ரோட்லயேதாம்மா போவுது" என்றாள் சாலம்மாள்.

நடுப்பள்ளத்தை அடைந்ததும் அது பரவியது. இந்தத் தடவை நிலம் குடித்து முடித்திருந்தது. தண்ணீர் தண்ணீராகவே நின்று, அகலமாகி, மேகத்தைக் காட்டியது. நான் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மலை இன்னும் தெரியவில்லை. மழை நிற்கவில்லை, இன்னும் தண்ணீர் வரும் என்று அர்த்தம்.

சாலம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்த சுருக்குப் பையைப் பிரித்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனை எடுத்தாள். நம்பர் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை ஏரியிலிருந்து எடுக்காமல் பேசினாள்.

"காசிநாதா, அம்மா பேசறன். மூட்டைய அவுத்துடுப்பா. வேன்காரனுக்கு வரலன்னு சொல்லிடு."

அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான். அவள் பதில் சொல்லாமல் போனைக் காதிலிருந்து எடுத்துத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டிப் பிடித்தாள், அவனுக்கும் கேட்கட்டும் என்று. நெடுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் என் தடம் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கியிருந்தது.